ஏலத்தில் போன கோழி

தாம்பரம்,
திங்கட்கிழமை, 1969

தம்பிக்கு ஸ்தோத்திரம்.

'அன்புள்ள' என்று போடுவதா வேண்டாமா என்பதை உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இரண்டு வருடமாக என்னோடு பேசாதவன், குரோம்பேட்டையில் உன் சபையை விட்டுவிட்டு நேற்று எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு எதற்கு வந்தாய்? காணிக்கையாக வந்த பூசணியும் வாழைத்தாரும் ஏலம் போனபோது வாயே திறக்கவில்லை. நான் கொடுத்த கோழியைத் தூக்கிக் காட்டியதும், ஐந்து ரூபாய்க் கோழிக்கு அறுபது ரூபாய் கேட்டாய். சபையே திரும்பிப் பார்த்தது. உன்னையல்ல, என்னை.

கையில் பணமில்லாமல்தான் கோழியைக் கொடுத்தேன் என்று உனக்கு யார் சொன்னது? உன் அண்ணியா? கம்பெனியில் எனக்கு மூன்று மாதமாக லீவு, அவ்வளவுதான்.

இன்று காலை அதே கோழி எங்கள் கேட்டில் கட்டிக் கிடந்தது. "தானா நடந்து வந்திருக்கும்" என்கிறாள் உன் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவன் அல்ல நான். போதகரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "ஏலத்துல எடுத்தவர் பொருள், அவரையே கேளுங்க சார்" என்று சிரித்தார். அவரும் கூட்டா?

அதனால் உன்னையே கேட்கிறேன். இது தர்மமா, பெருமையா, இல்லை வேறு ஏதாவதா?

இதை எழுதும்போதே கொக்கரிக்கிறது; முட்டையிட்டுவிட்டது. ஞாயிறு வரை ஒரு முட்டையையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் நேரில் வந்து பதில் சொல். கோழியை அடிக்க மாட்டேன். முட்டைக் குழம்புதான்.

உன் அண்ணன்