ஒன்றாம் எண் சக்கரம்

அண்ணே,

மணமேல்குடிப் படகுக்காரர் இன்று காலை மறுபடியும் வந்துவிட்டார். வலைக்கயிறு ஓடுகிற நம் அலுமினியச் சக்கரத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். பட்டறை முழுக்க மீன் கவிச்சி. மணல் அறுத்து, கயிற்றுப் பள்ளம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. ஓரத்தில், ஊற்றிய வரிசைப்படி நீ குத்திய ஒன்று என்கிற எண். பார்த்ததுமே எரிச்சல் வந்தது. தேய்ந்து திரும்பி வருவதெல்லாம் ஒன்றாம் எண்தானே?

“அடுத்ததும் தேஞ்சா இரும்புக்கே போயிர்றேன் தாயி. கனமா இருந்தாலும் கெடந்து ஒழைக்கும்” என்றார். நீ போன பிறகு கீரனூர் வரைக்கும் தேடி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

சாணைக்கல்லில் இருக்கிற அதே சிலிக்கன் கார்பைடு தூளை உருகிய அலுமினியத்தில் கலந்தால், இலேசான சக்கரமும் மணலுக்குத் தேயாது என்று சொன்னவன் நீ. சரிதான். தூளை ஈரம் போக வறுத்தாய். கை ஒடியக் கிண்டினாய். ஊற்றுகிற நேரத்தில் மட்டும் கிண்டுகோலை வைத்துவிட்டுச் சூடம் கொளுத்துவாய். உலையைச் சுற்றிக் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் திருநீறு கொடுத்து, நின்று பேசுவாய். அதற்குள் தூள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலாக ஊற்றும் முதல் சக்கரம் வெறும் அலுமினியம். அதைத்தான் ராசி என்று முதலில் சொல்லி வைத்தவருக்குக் கொடுப்பாய்.

கடைவதற்கு லேத்தில் பிடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றாம் எண்ணில் உளி வழுக்கிக்கொண்டு போகும். கடைசி எண்ணில் உளி முனையே மழுங்கும். ஒரு தடவை முனகினேன். ஆட்கள் முன்னால் சிரித்தாய்: “எங்க ஊமைச்சி பேசிட்டா பாருங்க. சாமி கும்பிடுறத நிறுத்தணுமாம்.” ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அதற்கு மேல் என்ன பேச?

இன்று நான்தான் கிண்டினேன். ஊற்றப்போகையில் அம்மா சூடத்தட்டோடு வந்து நின்றாள். படகுக்காரரும் கைகூப்பிவிட்டார். நான் கிண்டுகோலை விடவில்லை.

“ஊத்திட்டுக் கும்பிடலாம்மா. கிண்டுறத விட்டா தூள் அடியில போயிரும்.”

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுக்கியைப் பிடிக்க வந்தாள். உங்கள் அண்ணனுக்கு இது தெரியாதா என்று கேட்டார் படகுக்காரர். “நான்தான் சத்தமாச் சொல்லல” என்றேன்.

உன் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அப்போது என் மேல் திரும்பிவிட்டது. மீதிப் பாதி இன்னும் உனக்குத்தான், அண்ணே.