நான் கொடுத்த ட்யூப்

ஏப்ரல் 8, புதன்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேலை பார்க்கும் மெடிக்கல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அமலாவோடு தர்மபுரி போனேன், தோல் டாக்டரிடம். கொழுந்தனுக்குத் தோட்டத்து வேலை. அவர் பெண்டாட்டியை நான்தான் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடியே வந்தாள்.

டாக்டரம்மா கண்ணாடி வைத்துக் கன்னத்தைப் பார்த்தார். "இதுக்குப் பேரு ரோசேசியா, முகம் செவக்குற தோல் நோய். உன் தோலும் வறண்ட தோல், எதுவும் தாங்காது. அதும் மேல ரெண்டு வருசமா ஸ்டீராய்டு க்ரீம் தடவியிருக்க. யாரு குடுத்தாங்க?"

"கடையில நானே வாங்குனதுங்க" என்றாள் அமலா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக மெடிக்கலில் நிற்கிறேன், வாய் திறக்கவில்லை.

டாக்டர் சொன்னது:
க்ரீம் இன்றோடு நிறுத்தணும். நிறுத்தினால் சில வாரம் இன்னும் சிவக்கும், பயப்படக் கூடாது.
சோப்பு, மஞ்சள், கடலைமாவு கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றித் துடைக்கணும்.
வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர் இரண்டு வேளை. வெளியே போனால் சன்ஸ்கிரீன், குடை.
அடுப்பு அனல், கொதிக்கிற டீ, காரம் குறைக்கணும்.
எழுதிக் கொடுத்த ஜெல் ராத்திரி மட்டும்.

திரும்பும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "உங்க வேல போயிருமேன்னுதாங்க்கா."

சீ, என்ன பொழப்பு.

ஏப்ரல் 9, வியாழன்

புழுக்கம். தூக்கம் சரியில்லை.

இரண்டு வருஷம் முன்பு அவள் கன்னம் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தபோது நான்தான் அந்த க்ரீமை ஷெல்ஃபிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் முகம் பளிச். தெரு முழுக்க என் பெருமைதான். 'எங்க அக்கா மெடிக்கல்ல இருக்காங்க' என்று அமலாவே எல்லோரிடமும் சொன்னாள். எனக்கும் தலைக்கு ஏறியது. நிறுத்தினால் இரட்டிப்பாகச் சிவக்கும். மறுபடி ஒரு ட்யூப். அப்புறம் இன்னொன்று.

தெரியாமல் செய்தேனா? தெரியும். மருந்துக் கம்பெனிக்காரரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், முகத்துக்கு ஆகாது என்று. போன வருஷம் என் மகள் ஜெனி பருவுக்குத் தடவப் போனபோது கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கினேன். அதே வாரம் அமலாவுக்குப் புது ட்யூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மாமியாரை எதிர்த்துப் பேசியது, பொறாமை, ஒரு பூசை தவறியது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. நினைவுக்கே வரவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

அமலா முகம் பார்க்க முடியவில்லை. ரத்தச் சிவப்பு, வீக்கம், சின்னச் சின்னக் கொப்புளம். "மொளகாத்தூளு அப்புன மாதிரி எரியுதுங்க்கா." ஈரத்துணி வைத்துவிட்டேன். மாமியார் வாசலில் நின்று, "கருவாடு வேணாம்னா கேக்கறாளா? வாயக் கட்டோணும்" என்றார். அமலா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் துணியை மறுபடி நனைக்கப் போனேன்.

மதியம் கடைக்கு சங்கீதா வந்தாள், பஸ் ஸ்டாண்டு பின்னால் வீடு. மூன்று நாள் முன்பு என்னிடம் ட்யூப் வாங்கியவள். அவளுக்கும் கன்னத்தில் லேசான சிவப்பு. "சூப்பரா கேக்குதுங்க்கா. இன்னொன்னு குடுங்க."

முதலாளி கல்லாவில். கொடுத்துவிட்டேன்.

முதலாளி பார்த்தார் என்பது சாக்கு. ஸ்டாக் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மற்றதற்கெல்லாம் பொய் வருகிறது.

ஏப்ரல் 11, சனி

மாலை லேசான தூறல், அதுவும் நின்றுவிட்டது.

நாளை அமலாவின் அக்கா மகனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிறான். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த க்ரீமு ஒரே ஒரு தடவங்க்கா. நாளைக்கி மட்டும். இந்த மூஞ்சோட கோயிலுக்கு எப்டிப் போவேன்?"

முடியாது என்றேன். அழுதாள். "அன்னிக்கெல்லாம் கேக்காமயே குடுத்தீங்களே?"

சொல்லிவிட்டேன். ஆகாது என்று தெரிந்தே கொடுத்தேன், ஜெனியிடம் பிடுங்கினேன், உன்னிடம் கொடுத்தேன். எல்லாம். நேற்று சங்கீதாவுக்குக் கொடுத்தது வரை.

அமலா கையை எடுத்துக்கொண்டாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போகும்போது, "மொதல்ல அந்தப் புள்ள வூட்டுக்குப் போயிச் சொல்லுங்க. அப்பறம் எங்கிட்டப் பேசுங்க" என்றாள். 'அக்கா' என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூசை முடிந்து நேராக சங்கீதா வீட்டுக்குப் போனேன். அமலா கோயிலுக்கு வரவில்லை.

சங்கீதா கோலமாவுக் கையோடு வந்தாள். முகம் மினுமினுப்பு. அவள் அம்மா, "வாங்க வாங்க. சாயங்காலம் பொண்ணு பாக்க வராங்க. உங்க க்ரீமுலதான் இவ்ளோ கலரு" என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. க்ரீமை இன்றைக்கே நிறுத்தச் சொன்னேன், தர்மபுரி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அமலாவின் முகம் ஏன் அப்படியாச்சு என்று முழுதாகச் சொன்னேன்.

அம்மாவுக்குக் கோபம். "வித்துட்டு இப்ப வந்து சொல்றீங்களே, இது நாயமா?"

நியாயமில்லைதான் என்றேன்.

சங்கீதா உள்ளே போனாள். இரண்டு ட்யூப்பையும் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னும் எத்தன பேருக்குங்க்கா குடுத்தீங்க?"

தெரியவில்லை என்றேன்.