ஒரு நல்ல பிரதி

ஜூன் 3

அன்புள்ள சின்னிக்கு,

பையன் பிறந்த செய்தி வந்ததும் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். உன் கடிதத்தில் முக்கால்வாசி மாமியார் மேல் புகார்தான். அதைப் படித்த பிறகுதான் நீ தேறிவிட்டாய் என்று எனக்கு நிம்மதி.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பெரியவன் நம்மை விட்டுப் போனதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த நோய் இல்லை என்று நினைக்கிறேன். பிறந்ததும் போடுகிற காசநோய்த் தடுப்பூசியில் உயிருள்ள நோஞ்சான் கிருமி இருக்கிறது. மற்றக் குழந்தைகளை ஒன்றும் செய்யாத அது, அவன் உடம்பெல்லாம் பரவிவிட்டது. என் எலிகளிடம் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். இரண்டு கூண்டுக்கும் ஒரே கிருமியைக் கொடுக்கிறோம். ஒரு கூண்டில் கொஞ்சம் சோர்ந்துவிட்டு மறுபடி தீனியைக் கொறிக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்றில் மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கி, ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். வித்தியாசம் ஒரே ஒரு மரபணு. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி வரும். ஒன்று நன்றாக இருந்தாலே போதும். இரண்டும் பழுதென்றால் அந்த ஊசியே எமன்.

சின்னவனுக்கு இன்னும் ஊசி போடவில்லையே, முதலில் மரபணுவைப் பார்த்துவிடலாம். இந்தக் கடிதத்தோடு பஞ்சுக் குச்சியும் குழாயும் வைத்திருக்கிறேன். கன்னத்தின் உட்புறம் தேய்த்து, மூடி அனுப்பு. அதுவரை யார் சொன்னாலும் ஊசி வேண்டாம்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவர், "எலிக்குப் பாக்கற மாதிரி என் புள்ளைக்கும் பாக்கணுமாக்கும்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நர்சம்மா பார்க்கும்போதெல்லாம் ஊசியைப் பற்றிக் கேட்கிறார். கீழ்வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. அவர் இருமும் சத்தம் மாடிவரை கேட்கிறது. ஊசி போடாமல் எத்தனை நாள் வைத்திருப்பது?

குச்சியைக் கண்டதும் இவன் வீட்டையே இரண்டாக்கிவிட்டான். பால் கொடுத்துத் தூங்கவைத்து, கையோடு கன்னத்தில் தேய்த்துவிட்டேன். சீக்கிரம் எழுது.

உன் சின்னி


ஜூலை 1

சின்னி,

நல்ல சேதி. ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நன்றாக இருக்கிறது. சோதனையை நானே மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். தாராளமாக ஊசி போடு. இனியாவது மாப்பிள்ளையை முகத்தை இறக்கிவைக்கச் சொல்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

அவனுக்கு அக்குளில் கட்டி வந்திருக்கிறது. காய்ச்சல் விடவே இல்லை. பெரியவனுக்கு வந்த அதே மாதிரி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். இரண்டு பிரதியும் பழுதாம். ஊசி போடச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். என் அக்கா என்றேன்.

எப்படி அக்கா? நீதானே பார்த்தாய்?

என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. பால் குடிக்கும்போது மட்டும்தான் அழுகையை நிறுத்துகிறான். நாள் முழுக்க மடியிலேயே வைத்திருக்கிறேன்.

சின்னி


செப்டம்பர் 27

சின்னிக் கண்ணு,

இதை உனக்கு அனுப்பமாட்டேன். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

எலிக்குச் சோதனை என்றால் காது நுனியைக் கிள்ளித்தான் எடுப்போம். அதில் எலியைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்தப் பழக்கத்திலேயே உனக்குக் குச்சியை அனுப்பிவிட்டேன். தாய்ப்பாலில் தாயின் உயிரணுக்கள் இருக்கும். அவன் வாயில் நீ இருந்தாய். நான் பார்த்த நல்ல பிரதி உன்னுடையது.

பால் கொடுத்ததாக நீ எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன், அவ்வளவுதான். பால் கொடுக்காமல் எடு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டியவள் நான். உன் மேல் எள்ளளவும் தப்பில்லை. ஆனால் இது தெரிந்தால் அடுத்த முறை அவனை எப்படி அணைப்பாய்? உன்னை எனக்குத் தெரியும்.


செப்டம்பர் 27

சின்னி,

குழாய்களை மாற்றிவைத்துவிட்டேன். உனக்கு எழுதியது வேறொரு குழந்தையின் முடிவு. முழுக்க என் அஜாக்கிரதை. டாக்டரிடமும் இதையே சொல்லிவிட்டேன். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழி உண்டு என்கிறார். என்னுடையது பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறேன். பாலை மட்டும் நிறுத்தாதே. அவனுக்கு அது நல்லது.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

வியாழக்கிழமை போய்விட்டான். உன் மஜ்ஜை பொருந்துகிறது என்று சேதி வந்தது மறுநாள்.

கடைசிவரை என் பாலைத்தான் குடித்தான். அதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. அதை நினைத்துத்தான் எழுந்து நடமாடுகிறேன்.

குழாயில் பேர் எழுதி ஒட்ட முடியாதா உனக்கு? கூண்டுக் கூண்டாக எலிக்கெல்லாம் ஒட்டுகிறாயே. உன் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுகிறார். நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

இனி எழுதாதே. இங்கே வராதே. வந்து நின்றால் கதவைத் திறந்துவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன்.