ஆயில் ஊற்றாத வெள்ளிக்கிழமை

மோகனூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நிலாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அதுதானே வழக்கம். போன் இருக்க அப்பாவுக்கு என்ன கடிதாசி என்று நினைப்பாய். போன் வந்தாலே உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சேதி. அதனால் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாமக்கல்லில் உன் செல்லியம்மாள் அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து கம்பு ஊன்றி நடக்கிறாள், வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நம் பழைய மாருதிக்கு போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ரேடியேட்டரில் உப்பு அடைத்து, இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறத்தில் வந்தது. மெக்கானிக் ஜீவா வந்து பார்த்துவிட்டு, இதைத் தள்ளியுட்டுட்டு வேற வண்டி பாருங்க மாமா என்றான். சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான், எனக்கு ரோசம் வராதா? போடா போக்கத்தவனே என்று நானே கழற்றினேன். பழைய ஆயிலை வடித்து, ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவி, ரேடியேட்டரைக் கழுவி, புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வரிசைப்படி முடுக்கினேன். நாலு நாள் ஆயிற்று. கை கொஞ்சமும் தடுமாறவில்லை, அதில் எனக்குப் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது, ஆயில் ஊற்றுவது ஒன்றுதான் பாக்கி. ராகு காலம் கழியட்டும் என்று, புது ஆயில் கேனுக்குப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். பன்னிரண்டு அடித்ததும் வண்டிக்குச் சூடம் காட்டினேன், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன், ஒன்றும் மறக்கவில்லை. அத்தையைப் பார்க்க அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆயில் இல்லையென்றால் எரிந்து காட்டும் சிவப்பு விளக்கு பீஸ் போய் ரொம்ப நாளாகிறது. அணியாபுரம் வருவதற்குள் கடகடவென்று சத்தம், நட்ட நடு ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த முட்டை லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

ஜீவா வந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான், சொட்டு ஈரம் இல்லை. ஏனுங்க மாமா, ஆயிலே ஊத்தலீங்களா என்றான். உன் அம்மா முந்திக்கொண்டு, ஊத்துனாரு சாமி, நான்தான் புனல் புடிச்சேன், வழியில ஒழுகியிருக்கும் என்றாள். அம்மா முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள், நான் பின்னால் வீட்டுக்கு வந்ததும் சாமி ரூமில் போய்ப் பார்த்தேன், கேன் இல்லை. அப்பாடா, ஊற்றித்தான் இருக்கிறேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அரிசி எடுக்கப் போனால் மூட்டைக்குப் பின்னால் அந்தக் கேன், சீல் உடைக்காமல், வைத்த பொட்டோடு இருக்கிறது.

கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளிடமே சாம்பார் நல்லா இல்லீங்க என்று சொல்லிவிட்டு வந்தவள் உன் அம்மா. அவளுக்குப் பொய் வராது. எனக்காகப் பொய் சொல்லி, கேனையும் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றால் இது முதல் தடவை இல்லை கண்ணு. மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டியதும், கடைக்குப் போனால் கூடவே கிளம்பியதும் எதற்கென்று இப்போதுதான் உறைக்கிறது. நான் பைத்தியக்காரன், தொணதொணக்கிறாள் என்று எரிந்து விழுந்திருக்கிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் முழித்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று கார் சாவியை அவளிடம் நீட்டினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்பா டாக்டரிடம் போக வேண்டும் என்று நீயாகச் சொல்வது போலப் போனில் ஒரு பேச்சை எடு, நான் முரண்டு பிடிக்காமல் போகிறேன். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டு வெளியே அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போன் செய்யும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்காதே, நல்லா இருக்காரு என்றுதான் சொல்வாள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேள். இத்தனை நாளாக நானும் கேட்கவில்லை.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
தண்டாயுதபாணி.