துரை காருக்கு நீலப் பெயின்ட்

4.10.97 சனி

விடிய விடிய மழை. எட்டு மணிக்கு நல்ல வெயில். கார் வீட்டுக்கு வந்துவிட்டது.

எழுதும்போதுகூட நம்பிக்கை வரவில்லை. பெரிய துரைக்குக் கொம்பனி புது ஜீப் கொடுத்தது. பழைய கார் விற்பனைக்கு என்று ஆபீஸ் பலகையில் கடுதாசி. இவரும் டெண்டர் போட்டார். பெரிய கிளாக்கரும் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இறங்கியது, இரண்டு தட்டு.

ஆறு வருஷமாக இந்தக் காரைப் பழுது பார்த்தது இவர்தான், தேயிலை ஃபெக்டரி ஃபிட்டர் என்ற முறையில். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருவார். இன்றைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, கல்யாணப் போட்டோவில்கூட இல்லை.

மாரியம்மன் கோயிலில் பூசை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். மகள் சுபா ஹோனை அமுக்கிப் பூசாரியைப் பயம் காட்டினாள்.

சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: நாய் கடித்த டெனிஸ் பந்து. பாதி இங்கிலிஷ் பேப்பர். ஒற்றைக் கையுறை. நாய் மயிர், ஒரு தலையணைக்குக் காணும்.

பின் சீட் துரை வீட்டு நாயின் சீட். இத்தனை வருஷத்தில் நம் ஆட்கள் ஒருவர்கூட அதில் உட்கார்ந்ததில்லை. நான் இன்று உட்கார்ந்தேன். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, யாராவது எழுந்திரு என்பார்களோ என்று.

6.10 திங்கள்

கொட்டு கொட்டென்று மழை. காரில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடம். நடந்தால் நாற்பது நிமிஷம், இன்று பத்து. செருப்பில் சேறு இல்லை. காலில் அட்டை இல்லை. சுபாவின் வெள்ளைச் சப்பாத்து வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தது.

ஏழாம் நம்பர் லயத்து வீடுகள் இருக்கிற வளைவில் இவர் இரண்டு தரம் ஹோன் அடித்தார். துரையும் அங்கே இரண்டு தரம்தான் அடிப்பார். பிரட்டில் பேர் கொடுத்து முடிந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டதும் ரோட்டை விட்டு ஓரத்துக் கானுக்குள் இறங்கினார்கள், கணுக்கால் தண்ணீரில். எல்லோரும் குடையை மடக்கினார்கள். துரை கார் போகும் வரை அப்படித்தான் நிற்பது. நானும் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வரிசையில் கடைசி லெச்சுமி. தலையில் மழை ஊற்றுகிறது. நிமிர்ந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். கார் போய்விட்டது.

“லெச்சுமி அத்தை ஏம்மா கொடைய மடக்குனாங்க?” என்று சுபா. தமிழ்ப் பாடக் கொப்பி திருத்த வேண்டும் என்று ஏதோ சொன்னேன்.

7.10 செவ்வாய்

லெச்சுமி தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, மத்தியானம் அனுப்பிவிடச் சொன்னாள்.

“டீச்சரம்மா” என்று கூப்பிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். பிறகு அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள், நான் படிக்கப் போனேன். டீச்சர் வேலை இன்டர்வியூவுக்கு நான் உடுத்திக்கொண்டு போனது அவளுடைய கல்யாணச் சேலை. ஸ்டாஃப் குவாட்டர்ஸுக்குக் குடி வந்த பிறகும் அவளுக்கு நான் சரசுதான், ‘ஏய் சரசு’தான். நேற்று வரைக்கும்.

11.10 சனி

வெயில். யட்டியாந்தோட்டைக்குப் போனோம்.

ஆட்கள் கானில் இறங்கியதற்குப் பச்சை நிறம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். தோட்டத்தில் வேறு யாரிடம் கரும்பச்சைக் கார்? நிறத்தை மாற்றினால் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். இவருக்கு மனமில்லை. நல்ல பெயின்டை யாராவது சுரண்டுவார்களா என்று வழியெல்லாம் முனகல். அவருக்கு விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை.

கராஜில் பியதாச பாஸ் காரைச் சுற்றி வந்து, “மொன பாட்டத, நோனா?” என்றார். எந்த நிறம் என்று நான் யோசிப்பதற்குள் சுபா “நில்!” என்று சிங்களத்திலேயே கத்தி ஆகாயத்தைக் காட்டினாள். சரி, நீலம்.

வாங்கியவை: சீட்டுக்குப் பூப்போட்ட துணி. டாஷ்போர்டில் ஒட்டப் பிள்ளையார். பிளாஸ்டிக் மல்லிகை மாலை. ஸ்டியரிங்குக்கு உறை (இவர் ஆசை). ஜன்னலுக்குத் திரை (இவருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும்).

காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். சுபா இரண்டு தரம் வாந்தி. பிளாஸ்டிக் சிலிசிலி பேக் ஒன்றுதான் இருந்தது.

12.10 ஞாயிறு

மீன்கார சோமபால வந்தார். ஞாயிறும் புதனும் அவர் ஹோன் சத்தம் கேட்டால் லயமே சட்டியோடு ரோட்டில் நிற்கும். எனக்கும் சேர்த்து லெச்சுமிதான் வாங்கி வைப்பாள். இன்றைக்கு வாங்கவில்லை. நான் இறங்கிப் போவதற்குள் பெட்டி காலி.

பருப்பும் அப்பளமும்.

16.10 வியாழன், போயா

பௌர்ணமி லீவு. நாள் முழுக்க மெஷினில் சீட் உறை தைத்தேன். நீலப் பூ, வெள்ளைத் தரை. ஓரத்துக்குச் சுருக்கு. நாய் சீட்டுக்கு இரட்டைத் துணி.

தைக்கும்போது அந்தத் திங்கட்கிழமைதான் திரும்பத் திரும்ப. ‘நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நனைந்த ஆள் ஏறினால் சீட் நனையும் என்று நினைத்தேன். அதனால்தான் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, வெட்கம்.

18.10 சனி

கார் வந்தது. பளிச்சென்று ஆகாய நீலம். பியதாச பாஸ் தங்கமான கைக்காரர். பிள்ளையார், மாலை, திரை, என் சீட் உறை எல்லாம் போட்ட பிறகு இவரே, “பரவாயில்ல, நம்ம வீட்டு ஹால் மாதிரி இருக்கு” என்று ஒத்துக்கொண்டார்.

பின்னேரம் ஒரு சுற்று. வளைவில் இரண்டு ஹோன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற முனியாண்டி அண்ணன் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் கானில் கால். தலைத் துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. பிறகுதான் நீலக் காரைப் பார்த்து முழித்தார். அவருக்கும் வெட்கம், எங்களுக்கும் வெட்கம்.

கண் பார்ப்பதற்கு முந்தி காது இறங்கச் சொல்லிவிடுகிறது. பெயின்ட் அடித்து என்ன பிரயோசனம்?

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சீட் நனையும் என்று நினைத்ததைத் தவிர. இஞ்சின் சத்தத்தை மாற்றுங்கள் என்றேன். சண்டை. ஆறு வருஷமாகத் தன் கையால் பதப்படுத்திய இஞ்சினாம், இந்தப் பக்கத்தில் எந்தக் காரும் இப்படி ஓடாதாம், அதைக் கெடுப்பதற்குத் தன்னைக் கானில் தள்ளிவிடலாமாம். சாப்பிடும்போது கொஞ்சம் இறங்கி வந்தார். ஹோனை வேண்டுமானால் மாற்றலாம்.

21.10 செவ்வாய்

தூறல். பள்ளி விட்டு நடந்தே லெச்சுமி வீட்டுக்குப் போனேன். காரில் போகக் கூடாது என்றுதான் நடந்தேன்.

கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டாள். டீ வந்தது கண்ணாடி கிளாஸில், சோசரோடு. அது நர்ஸ் வந்தால், சங்கத்து ஆள் வந்தால் எடுக்கிற கிளாஸ். எனக்கு எப்போதும் தகரப் பேணிதான். நான் தரையில் உட்காரப் போனேன், விடவில்லை.

பழக்கதோஷத்தில்தானே இறங்கினாய், சத்தத்தைக் கேட்டு ஏமாந்துவிட்டாய், அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை என்றாள். அடுப்பை ஊதினாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

“தொரைக்கு நாங்க யாருன்னு தெரியாதுங்க, டீச்சரம்மா. அவரு பாட்டுக்குப் போவாரு. ஒங்களுக்குத் தெரியும்ல.”

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வழியில் அழுதேன். தூறல் இருந்தது நல்லதாயிற்று.

25.10 சனி

பழைய ஹோனைக் கழற்றி ஃபெக்டரி லொறிக்குக் கொடுத்துவிட்டார். அவிசாவளையிலிருந்து வாங்கி வந்த புது ஹோன் பூட்டினால் ஊமை. இங்கே தட்டுகிறார், அங்கே தட்டுகிறார், ஒரு முனகல்கூட இல்லை. செவ்வாய்க்கிழமைதான் மாற்றித் தருவார்களாம்.

வியாழன் தீபாவளி, நாளைக்குத் துணி எடுக்கப் போக வேண்டும். இந்த ரோட்டில் ஹோன் இல்லாமல் போகவே முடியாது. ஃபெக்டரி ஸ்டோரில் தேடி ரப்பர் பந்து வைத்த பழைய ஹோன் ஒன்றைக் கொண்டுவந்து, கையால் அமுக்குகிற மாதிரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கட்டிவிட்டார். பாம்... பாம்... அசிங்கமான சத்தம். இரண்டு நாளைக்குத்தானே என்கிறார்.

எங்கேயோ கேட்ட சத்தம்.

26.10 ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பத்து மணி. லேசான மழை. யட்டியாந்தோட்டைக்குப் புறப்பட்டோம். ஏழாம் நம்பர் வளைவு வருவதற்கு முந்தியே இவர் அமுக்க ஆரம்பித்தார். பாம்... பாம்... பாம்...

வளைவைத் திரும்பினால் ரோடு முழுக்க ஆட்கள். கானில் ஒருவரும் இல்லை. நட்ட நடு ரோட்டில் பதினைந்து இருபது பேர், கையில் சட்டி, அலுமினியத் தட்டு, ஒருத்தியிடம் வாளி. எல்லோருக்கும் முன்னால் லெச்சுமி. ஒரு கையில் விரித்த குடை, மறு கையில் சட்டி. காரை மறித்துக்கொண்டு நிற்கிறாள். இவர் பிரேக்கை மிதித்த மிதியில் டாஷ்போர்டிலிருந்து பிள்ளையார் என் மடியில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை. மீன்காரர் ஹோன்.

அவர்கள் காரைப் பார்க்க, நாங்கள் சட்டிகளைப் பார்க்க. முனியாண்டி அண்ணன் மட்டும் குனிந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார், மீன் அங்கே இருக்கலாம் என்று. நான் கதவைத் திறந்து மழையில் இறங்கினேன். “மீன் இல்ல” என்றேன். வேறு என்ன சொல்ல?

லெச்சுமிக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாளோ என்று நினைத்தேன்.

“கூறு கெட்டவளே” என்றாள். “அடுப்புல சோறு கொதிக்குது. மீன்காரன் ஹோன அடிச்சி எல்லாரையும் நடு ரோட்டுல நிக்க வச்சிட்டு, மீன் இல்லைங்கிற. இதுக்கா சரசு காரு வாங்குன?”

சரசு என்றாள். அவ்வளவுதான், நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அவளும் சிரித்தாள். வாளிக்காரி வாளியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலே உண்மையான சோமபால சைக்கிளில் வந்து சேர்ந்தார். நீலக் காரையும் ஹோனையும் சட்டிகளையும் பார்த்துவிட்டு, “நோனாத் தேன் மாளு விக்குனனவாத?” என்றார், டீச்சரும் இப்போது மீன் விற்கிறாரா என்று. பாவம், நிஜமாகவே முகம் வாடிப்போனது. நாங்களும் அரைக் கிலோ சாளை வாங்கி அவரைச் சமாதானப்படுத்தினோம்.

துணி எடுக்கப் போனோம். சுபாவுக்குச் சிவப்புப் பாவாடை. எனக்கு எடுக்க மறந்தே போனேன், அதுவும் பரவாயில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

இரவு இவர் ஸ்குரூ டிரைவரோடு நின்றார், ரப்பர் ஹோனைக் கழற்ற. அதில் கை வைத்தால் சோறு கிடையாது என்றேன்.

27.10 திங்கள்

மழை, விடாத மழை. சுபாவின் மழைக்கோட்டைக் காணோம், தேடிப் பிந்திவிட்டது. காரில் இன்னும் சாளை வாடை. சுபா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் பின்னால்.

வளைவில் பாம்... பாம்... ஆட்கள் ஓரத்துக்குப் போனார்கள், கார் வந்தால் போகிற மாதிரி, அவ்வளவுதான். கானுக்குள் யாரும் இறங்கவில்லை. குடைகள் விரித்தபடியே. லெச்சுமி மட்டும் நடு ரோட்டில். இவர் இன்னொரு தரம் அமுக்கினார். அசையவில்லை. கையை நீட்டி நிறுத்தினாள்.

மேல் மலையில் இன்றைக்குக் கொழுந்தாம், ஏற்றம் ஏற முடியாதாம். பின் கதவை அவளே திறந்தாள். கொழுந்துக் கூடை முதலில் உள்ளே வந்தது. பிறகு குடை, விரித்தபடி. கம்பி என் கொண்டையில் மாட்டியது. உள்ளே வந்த பிறகுதான் மடக்கினாள். தண்ணீர் முழுக்க என் நீலப் பூத் துணியில்.

“என்னடி பாக்குற?” என்றாள். “தள்ளி உக்காரு சரசு.”