ட்ரையல் ரூமில் கூல்டிரிங்க்

என்னங்க,

நேற்று மீந்த பருப்பு அடுப்பின்மேல் இருக்கிறது. கொட்டிவிடாமல் சூடுபண்ணிச் சாப்பிடுங்கள்.

நான் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. பட்டன் தைக்கக் கொடுக்கப் போனேன், டெய்லரே வாயைத் திறந்தார். "அக்கா, சார் தினமும் வந்து ட்ரையல் ரூம்ல திரைய இழுத்து விட்டுக்கிட்டு கூல்டிரிங்க் குடிக்கிறாரு. பிளாஸ்டிக் பாட்டில் வீட்டுக்குள்ள வந்தா நீங்க கத்துவீங்களாமே?" கடையே சிரித்தது. தெருவில் எல்லார் வீட்டுக் குப்பையையும் எட்டிப் பார்த்துப் புத்தி சொன்னவள் நான். இனி எந்த முகத்தோடு எட்டிப் பார்ப்பேன்?

பாட்டிலைக்கூட மன்னிப்பேன். என் புருஷன் எனக்குப் பயந்து ஒளிந்து குடிக்கிறார் என்பதை எப்படி விழுங்குவது? சாயங்காலம் பேசியாக வேண்டும்.

பி.கு.: ஃப்ரிட்ஜில் உங்கள் ஆரஞ்சு சோடா இருக்கிறது. கண்ணாடி பாட்டில்தான், காலியானதும் கடையில் திருப்பித் தந்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்து குடியுங்கள்.