யார் வேலியடியில் பைப்

ஆவணி 4, செவ்வாய்

சோளகக் காற்று. ஒழுங்கைப் புழுதி எல்லாம் சோற்றுச் சட்டிக்குள்.

பின்நேரம் பட்டினசபைக் கூட்டம். பின்வரிசை வாங்கு வெறுமை. யாரும் இருக்கச் சொல்லவில்லை. இருந்தேன்.

நிறைவேறிய தீர்மானங்கள்: ஒழுங்கைக்குத் தார். சந்தியிலிருந்து தண்ணீர்க் குழாய். ஒழுங்கை நடுவில் பொதுப் பைப் ஒன்று. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது எனக்கு. தன் முயற்சி என்றார் அங்கத்தவர். போகட்டும்.

மருமகள் பாக்கியத்திடம் சொன்னேன். "மெய்யாத்தானோ மாமா?" ஏழு மாதக்காரி. மகன் மன்னாரில் ரோட்டு வேலை. தினமும் இவள்தான் குடத்தோடு வாத்தியார் வளவுக் கிணற்றுக்குப் போகிறவள். எங்கள் ஆட்கள் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். அந்த ஒழுங்கைக்குக் கல்லுடைத்துப் போட்டவன் நான்.

ஆவணி 6, வியாழன்

கூப்பன் அரிசி, மண்ணெண்ணெய், உப்பு.

சபை ஓவசியர் அளவு நாடாவோடு வந்தார். வாத்தியார் வேலியடியில் சுண்ணாம்புக் குறி.

வாத்தியார்: "இதிலை வேண்டாம் தம்பி. கண்டதுகள் எல்லாம் படலையடியிலை வந்து நிக்கும்."

அடுத்த வீட்டில்: "கலியாண வயசிலை பிள்ளை இருக்கு. முன்வீட்டிலை வையுங்கோ." முன்வீட்டார் கைகாட்டியது மற்ற வீட்டை.

ஓவசியர் சிரித்தார். "அப்ப ஆகாயத்திலை பூட்டட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் 'கண்டது' நான். பக்கத்தில்தான் நின்றேன்.

ஆவணி 8, சனி

வயிறு சரியில்லை. வாத்தியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போகவில்லை. தானே வந்தார்; எங்கள் படலைக்கு வெளியில் நின்றபடி.

"கந்தையா, பைப்பை உங்கடை பக்கம் சுடலை மதிலடியிலை வைப்பம். உங்களுக்கெண்டே ஒண்டு."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு வளவுக்குள்ளை இழுத்துத் தருவினம்."

"பொதுப் பைப் பொது ஒழுங்கையிலைதான் நிக்கவேணும்."

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம். அது ஒண்டுதான் நீங்கள் அள்ளி ஊத்தாமல் வந்தது."

இடத்தை மாற்ற எங்கள் பக்கத்துக் கையொப்பம் ஒன்று வேண்டுமாம். திங்களுக்குள் இல்லையென்றால் குழாய் அடுத்த வட்டாரத்துக்கு. வைக்கமாட்டேன் என்றேன்.

ஆவணி 9, ஞாயிறு

முற்றம் நிறைய எங்கள் ஆட்கள். ஒரே சத்தம். சின்னாச்சி: "உன்ரை மானத்தைக் காய்ச்சிக் குடிக்கவோ?" சிரிப்பு. கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கு எழுதுவேன், பொறுங்கள் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

பாக்கியம் காலையில் போனவள், மத்தியானம் வெறுங்குடத்தோடு திரும்பினாள். என் வாய்க்காக இன்று யாரும் ஊற்றவில்லை. கால் இரண்டும் வீக்கம். பாயில் சரிந்தாள்.

ஆவணி 10, திங்கள்

மப்பு. மழை இல்லை. சபைத் தலைவரைப் பார்க்கப் போனேன். ஆள் இல்லையாம். உள்ளே செருமல் கேட்டது.

திரும்பி வந்தால் சுடலை மதிலடியில் கிடங்கு வெட்டுகிறார்கள்.

"ஆர் ஒப்பம் வைச்சது?"

"நான்தான் மாமா."

"நான் வேண்டாமெண்டது தெரியாதோ?"

"தெரியும். நீங்கள் நிமிந்து நிண்டு கேட்டியள். குடத்தோடை நிண்டது நான்."



ஆவணி 15, சனி

தார் வாத்தியார் படலையோடு நின்றுவிட்டது. மிச்சம் அடுத்த வருடமாம்.

தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்தான் என்கிறார்கள். பெண்களின் கூச்சல் வீடுவரை. சின்னாச்சி சேலையோடு நனைந்தாளாம்.

பாக்கியம் செம்பில் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அவளில் கோபமில்லை. ஆனால் செம்பைத் தொடவில்லை.

"இதைக் குடியாமல் எங்கை குடிக்கப் போறியள்?"

"வாத்தியாற்றை கிணத்திலை. நானே அள்ளி."

"அடிப்பாங்கள் மாமா."

"ஓம்."

எங்கள் வீட்டில் வாளியும் கயிறும் ஒருநாளும் இருந்ததில்லை. சந்தைக்குப் போய் இரண்டும் வாங்கி வந்தேன். கயிறு புதிது, கையை அறுக்கிறது. காலையில் போவேன்.